குடல் நோய்க்கான மருந்து ஆய்வில் சேர்ந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. நாங்கள் கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைப் பக்கம். என் தம்பிக்கு 9 வருடமாக அல்சரேட்டிவ் கோலைட்டிஸ், அதாவது பெருங்குடலில் புண் வந்து ரத்தம் போகும் நோய். மரச்சீனியும் சாளைக்கறியும் தட்டு நிறைய சாப்பிட்டவன், இப்போது கஞ்சிக்கே யோசிக்கிறான். பஸ் ஏறுமுன் கழிப்பறை எங்கே என்றுதான் கண் தேடும்.

இதற்கு வழக்கமாகக் கொடுக்கும் மெசலமின் மருந்துக்கு நோய் கட்டுப்படவில்லை. ஸ்டீராய்டை நிறுத்தினால் மறுபடி மலத்தில் ரத்தம். நோய் தொடங்கி 8 வருடம் ஆனால் புற்றுநோய் வருகிறதா என்று அவ்வப்போது கொலோனோஸ்கோபி (கேமரா உள்ள குழாயை விட்டுக் குடலைப் பார்ப்பது) செய்து பார்க்க வேண்டுமாம்.

இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு புது மருந்து ஆய்வுக்குக் கூப்பிடுகிறார்கள். ஒப்புதல் படிவம் முழுக்க ஆங்கிலம். தமிழில் கேட்டிருக்கிறோம், அது நம் உரிமை. என் பெரிய பயம் காசநோய். இந்த நோய்க்கான சில ஊசிகள் உடம்புக்குள் உறங்கும் காசநோயை எழுப்பிவிடும். எங்கள் அப்பாவுக்கு முன்பு காசநோய் இருந்தது.

நம் மாவட்டத்திலிருந்து இப்படி ஆய்வில் சேர்ந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். சேர்க்குமுன் காசநோய்ப் பரிசோதனை செய்தார்களா? மருந்தில்லாத வெறும் மாத்திரை கிடைத்த பிரிவில் இருந்து நோய் கூடியிருந்தால், உடனே வேறு சிகிச்சை கொடுத்தார்களா? மாதம் எத்தனை தடவை போக வேண்டியிருந்தது, வண்டிச்செலவு தந்தார்களா?

வரும் செவ்வாய்க்கிழமை பதில் சொல்ல வேண்டும்.