டெவலப்பர் அட்வகேட்டுக்கு என்ன சொல் போடலாம்? வெள்ளிக்கிழமை அச்சு

கோவையிலிருந்து:

எல்லாருக்கும் வணக்கம். காலேஜ் பசங்களுக்கு வெப் டெவலப்மென்ட் கையேடு ஒண்ணு தமிழ்ல பண்ணிட்டிருக்கேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். அதுல ஒரு கட்டுரை, பிரவுசர் டீம்ல டெவலப்பர் அட்வகேட்டா பல வருஷம் இருந்தவரோடது, வெப், ஏஐ, கம்யூனிட்டி மூணையும் பத்தி மனசு விட்டு எழுதியிருக்கார். முழுசும் முடிச்சாச்சு, அந்த வேலைப் பேர்ல மட்டும் நிக்குது. மொழிபெயர்ப்புக் கருவில போட்டா 'டெவலப்பர் வழக்கறிஞர்'னு வருது, மாணவி ஒருத்தி படிச்சிட்டு "சார், இவர் சாஃப்ட்வேர் கேஸ் எடுக்கிற வக்கீலா"ன்னு கேட்டா.

வேலை என்னன்னா, புது வசதி வந்தா மாதிரி நிரல் எழுதிக் காட்டணும், மீட்டப்ல பேசணும், அங்க டெவலப்பருங்க சொல்ற குறையக் கொண்டுபோய் உள்ள இருக்கிற இன்ஜினியருங்ககிட்ட மல்லுக்கட்டணும். கன்டெய்னர் குவெரியவே எடுத்துக்கோங்க. ஸ்கிரீன் அகலத்த வச்சு இல்லாம, தான் இருக்கிற பெட்டியோட அகலத்த வச்சு டிசைன் மாறணும்னு வருஷக்கணக்கா கேட்டாங்க, 2022 ஆகஸ்ட்லதான் குரோம் 105-ல வந்துச்சு, அடுத்த மாசம் சஃபாரி 16, ஃபயர்பாக்ஸ் 110-ல வர 2023 பிப்ரவரி ஆயிடுச்சு. அப்படி விடாம கேட்டுக்கிட்டே இருக்கிற ஆளுக்கு ஒரு பேர் குடுங்க.

தஞ்சாவூரிலிருந்து:

தம்பி, வழக்குன்னா கோர்ட்டு மட்டும் இல்ல. தொல்காப்பியப் பாயிரத்துல 'வழக்கும் செய்யுளும்'னு வர்ற வழக்கு மக்கள் பேசுற பேச்சு. ஆனா இன்னைக்கு அந்தச் சொல்லக் கேட்டா கறுப்புக் கோட்டுதான் கண்ணுல நிக்கும், அதனால விட்ருவோம். இதுக்குன்னே நம்மகிட்ட பழைய சொல் இருக்கு, வாயில். ஊடல்ல இருக்கிற தலைவிக்கும் தலைவனுக்கும் நடுவுல போய்வர்றவங்க. தொல்காப்பியர் கற்பியல்ல 12 வகை சொல்றார், தோழி, தாய், பாங்கன், பாணன், விறலியர், விருந்தினர் வரைக்கும் வர்றாங்க. தலைவி ஏத்துக்கலன்னா அதுக்கு 'வாயில் மறுத்தல்'னு துறையே இருக்கு, டெவலப்பருங்க கம்பெனி பேச்ச நம்பாம கதவடைக்கிறதுக்கு இதவிடப் பொருத்தமா எந்த மொழில சொல் கிடைக்கும்? 'நிரலர் வாயில்'னு போடுங்க.

சென்னையிலிருந்து:

ஐயா, படிக்கவே சந்தோஷமா இருக்கு, ஆனா பசங்க ஆபீஸ் கேட்டுன்னு படிச்சிருவாங்க. இன்னொண்ணு, நான் ஒன்பது வருஷமா ஃப்ரண்ட்எண்ட், அதாவது வெப்சைட்ல கண்ணுக்குத் தெரியற பகுதி பண்றேன், எங்களுக்கு இது பெரிய விஷயம். பாணன் தலைவனுக்காகப் பேச வர்றவன். தோழி அப்படி இல்ல, தலைவி பக்கம் நின்னுதான் பேசுவா. நல்ல அட்வகேட் சம்பளம் வாங்குறது கம்பெனிகிட்ட, நிக்கிறது எங்க பக்கம். அதனால 'டெவலப்பர் தரப்பாளர்'.

தஞ்சாவூரிலிருந்து:

தரப்பு அரபு 'தரஃப்' அம்மா.

சென்னையிலிருந்து:

இருக்கட்டும் ஐயா, எங்க பாட்டிக்கும் அது புரியும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கட பக்கம் சட்டத்தரணி எண்டுதான் சொல்லுறது, அதால வழக்கறிஞர் குழப்பம் எங்களுக்குக் குறைவு. ஆனா இந்த வேலைக்கு முந்தி எவாஞ்சலிஸ்ட் எண்டு பேர் இருந்தது. 1984இல மாக்கின்டோஷ் வந்த காலத்தில ஆப்பிளில கை கவாசாக்கி எண்டவர் செய்தது அதுதான், மற்றக் கொம்பனியளை மாக்குக்கு மென்பொருள் எழுத வைக்கிறது. வேதாகமத் தமிழில சுவிசேஷகர். அங்க செய்தி ஒரு பக்கம்தான் போகும், திரும்பி வராது. அட்வகேட் எண்டு மாத்தினதே திரும்பி வாற பேச்சுக்காகத்தான் எண்டு நான் நம்புறன். தூதர் எண்டு வைப்பம், குறளில 69ஆம் அதிகாரம் முழுக்க தூதுதான்.

மதுரையிலிருந்து:

தூதர் சரி, முன்னாடி 'நிரலர்' வேணாம். நிரலர் புரோகிராமர், டெவலப்பர் அதவிடப் பெருசு, 'உருவாக்குநர்'னு போடுங்க. தயவுசெஞ்சு 'உருவாக்குனர்'னு அடிக்காதீங்க. உருவாக்குங்கிற வினையோட நர் சேருது, இயக்குநர், பெறுநர், அனுப்புநர் மாதிரி. 'உறுப்பினர்'ல உறுப்புங்கிற பெயரோட இனர் சேருது, அது வேற. ஓட்டுநர் உரிமத்துல 'ஓட்டுனர்'னு பாக்கும்போதெல்லாம் வயிறு எரியுது.

கோவையிலிருந்து:

நன்றி, ஆனா நாளைக்கு வியாழன். பேசாம 'டெவலப்பர் அட்வகேட்'னே தமிழ் எழுத்துல போட்டுடவா?

சிங்கப்பூரிலிருந்து:

வேண்டாம். 'இணையம்'கூட ஒரு காலத்துல அந்நியமாத்தான் ஒலிச்சிருக்கும், இங்க நா. கோவிந்தசாமி குடுத்த சொல், இப்ப யாராவது யோசிக்கிறாங்களா? நாம எழுதறதப் படிச்சுத்தான் ஏஐ கத்துக்குது, நாம வெத்திடமா விட்டா அது 'வழக்கறிஞர்'னு நிரப்பிடும். கட்டுரையில அவர் வருத்தப்படறதும் இதுக்குப் பக்கத்துலதானே?

கோவையிலிருந்து:

ஆமாங்க, அந்தப் பத்திய மொழிபெயர்க்கும்போது எனக்கே கஷ்டமா இருந்துச்சு. ஸ்டாக் ஓவர்ஃப்ளோங்கிற நிரல் கேள்வி-பதில் தளம் 2008-ல வந்ததுலேர்ந்து ஒருத்தன் மாட்டிக்கிட்டா எல்லாரும் பாக்க கேள்வி கேப்பான், ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தா தப்பு அவன்மேல இல்ல, நம்ம டிசைன்லன்னு அட்வகேட்டுக்குத் தெரியும். 2022 நவம்பர்ல சாட்ஜிபிடி வந்துச்சு, அதோட பதில்கள அங்க போடக்கூடாதுன்னு அடுத்த மாசமே தடை போட்டாங்க, ஆனா கேக்குறவங்க சாட்ஜிபிடிகிட்டயே போயிட்டாங்க. பதில் உடனே கிடைக்குது, நல்லதுதான். ஆனா யார் எங்க சிக்கினாங்கன்னு யாருக்கும் கேக்கல, கொண்டுபோக குறையே கைக்கு வர்றதில்லன்னு எழுதியிருக்கார்.

சென்னையிலிருந்து:

அதனாலதான் தூதர் வேணாங்கிறேன். அந்த அதிகாரத்தோட கடைசிக் குறள்ல தன் உயிர் போனாலும் இறைவனுக்கு உறுதி செய்றவன்தான் தூதன். இங்க இறைவன் யார், கம்பெனியா?

தஞ்சாவூரிலிருந்து:

நல்ல கேள்வி அம்மா. 'உருவாக்குநர் தூதர்' தொகைச்சொல். உருவாக்குநருக்குத் தூதர்னு விரிச்சா நான்காம் வேற்றுமை, கம்பெனி அனுப்பின ஆள். உருவாக்குநரது தூதர்னு விரிச்சா ஆறாம் வேற்றுமை, நீங்கதான் இறைவன். உருபு மறைஞ்சிருக்கிறதால ரெண்டும் உள்ள நிக்குது. எனக்கு வாயில்தான் பிடிச்சிருக்கு, இருந்தாலும் இதுக்கு சம்மதம்.

கோவையிலிருந்து:

பெரும்பாலானவங்க சரின்னுட்டீங்க, 'உருவாக்குநர் தூதர்'னே அனுப்பறேன், முதல் தடவ வர்ற இடத்துல 'டெவலப்பர் அட்வகேட் எனப்படும்'னு சேர்த்துக்கறேன்.

சென்னையிலிருந்து:

அனுப்புங்கண்ணா. எனக்கு இன்னும் சம்மதம் இல்ல, ரெண்டாம் பதிப்பு வந்தா தரப்பாளரத் திரும்பக் கேப்பேன்.