லைன் வீட்டுப் பிள்ளைக்கு 25% இடம்: குறுக்குப் பாதைத் தூரத்தை எப்படி நிரூபிப்பது?

வணக்கம். கோத்தகிரி பக்கம் தேயிலைத் தோட்ட லைன் வீட்டு (தொழிலாளர்களின் வரிசை வீடு) பிள்ளைக்கு, தனியார் பள்ளிகளில் ஏழை, பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் தரும் 25% இலவச ஒதுக்கீட்டில் எல்கேஜி இடம் கேட்டிருந்தோம். வீடு 1 கிலோமீட்டருக்குள் இல்லை என்று பள்ளி தள்ளிவிட்டது. தார் ரோட்டில் சுற்றினால் 2.4 கி.மீ. தேயிலைக்குள் இறங்கும் பாதையில் 850 மீட்டர்தான். மண்ணில் படி வெட்டி, ஓடைக்குக் குறுக்கே கல் போட்டிருக்கும் பாதை அது. லைன் பிள்ளைகள் எல்லோரும் தினமும் அதில்தான் நடக்கிறார்கள்.

பிறப்புச் சான்று, 2 லட்சத்துக்குக் கீழான வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாம் சரி. வயதும் சரி, ஜூலை 31-க்குள் 3 முடிகிறது.

செல்போன் ஜிபிஎஸ்ஸில் பாதையை நடந்து பதிவு செய்து, படங்களோடு கொடுத்தோம். ஆவணம் ஆகாது என்றார்கள். இ-சேவையில் வாங்கிய இருப்பிடச் சான்றில் ஊர் இருக்கிறது, தூரம் இல்லை. பாதை தோட்டத்தின் பட்டா நிலத்தில் போவதால் அவர்கள் சம்மதம் இல்லாமல் அளக்க முடியாது என்கிறார் நில அளவர். தோட்ட நிர்வாகமோ லைன் எண்ணுக்கு மட்டும் கடிதம் தந்தது. பாதையைப் பற்றி எழுதினால் பொதுவழி உரிமை ஆகிவிடுமோ என்று தயங்குகிறது. இன்னும் பக்கத்தில் இருப்பது சிறுபான்மையினர் பள்ளி. 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி அங்கே இந்த ஒதுக்கீடே கிடையாது. (மலையில் விண்ணப்பிக்கும்முன், பள்ளி சிறுபான்மையினர் பள்ளியா என்று முதலில் பாருங்கள்.)

குலுக்கலுக்கு 9 நாள்தான் இருக்கிறது. நீலகிரியிலோ கொடைக்கானலிலோ நடைபாதைத் தூரத்தை ஏற்க வைத்தவர்கள், அதை யாரிடம், எந்த ஆவணமாக எழுதி வாங்கினீர்கள்?