பொன், சல், தென், பென்: இந்த ஸ்பானிய ஏவல்களுக்கு என்ன பெயர்?

கீழக்கரை:
கப்பல் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கான ஸ்பானியப் பாடக்குறிப்பில் ஒரு தலைப்பு மட்டும் முடிவாகாமல் நிற்கிறது. 'தூ' (நீ) என்பவனுக்கான உடன்பாட்டு ஏவலில் விதிக்கு அடங்காதவை எட்டு: பொன் (வை), சல் (வெளியேறு), தென் (வைத்துக்கொள்), பென் (வா), அஸ் (செய்), தி (சொல்), பே (போ), சே (இரு). 'ஒழுங்கற்ற ஏவல்' என்ற பெயர் படிப்பவனுக்கு எந்த வழியும் காட்டவில்லை. 'கடைக்குறை ஏவல்' எனலாமா? போனேர் என்பதன் கடைசி விழுந்தால் பொன்.

தொண்டி:
காக்கா (அண்ணா), கடைக்குறை வேண்டாம். அது செய்யுள் விகாரம், செய்யுளுக்காகச் சொல்லின் கடைசி குறைவது. இங்கே பகுதியே (விகுதி சேராத வினையடியே) ஏவலாக நிற்கிறது, நம் நட, உண், தின் போல. நன்னூல் 23 ஈறுகளுக்கு எடுத்துக்காட்டு தந்து 'செய்யென் ஏவல் வினைப் பகாப்பதம்' (பிரிக்க முடியாத சொல்) என்பதும் இதைத்தான். 'பகுதியேவல்' என்று வையுங்கள். பெயரே வேலையைச் சொல்லிவிடும்: ஏர், ஈர் விகுதியை வெட்டு, மிச்சத்தைச் சொல். சலீர்–சல், தெனேர்–தென், பெனீர்–பென். அசேர் மட்டும் எழுத்தில் மாறும். 'சே' (c) எழுத்து போய் 'சேத்தா' (z) வரும்.

பிள்ளைகள் சறுக்குவது பொதுவிதியால். அப்லா (பேசு), கோமே (தின்) எல்லாம் 'அவன் பேசுகிறான், தின்கிறான்' என்ற நிகழ்கால வடிவமேதான். அதே பழக்கத்தில் 'பியெனே' என்றால் 'வா' ஆகாது, 'அவன் வருகிறான்' ஆகிவிடும். (சல் என்றால் உப்பும்தான்; வாலிநோக்கம் உப்பளப் பக்கத்துப் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.)

மண்டபம்:
பெயர் நன்று, ஆனால் ஐந்துக்குத்தான் பொருந்தும். தெசீரை வெட்டினால் 'தெஸ்', ஏவலோ தி. 'ஈர்' (போ) என்ற வினையில் விகுதியை வெட்டினால் ஒன்றுமே மிஞ்சாது. அதன் ஏவலான பே, 'பார்' என்பதற்கும் பே. செர் வினைக்குச் சே. 'எனக்குத் தெரியும்' என்பதும் சே, இரண்டிலும் மேற்குறி (எழுத்தின் மேலிடும் அழுத்தக் குறி) உண்டு. இம்மூன்றையும் 'தனியேவல்' என்று பிரித்து மனப்பாடத்துக்கு விடுங்கள்.

கூட்டுவினையில் கவனம் வேண்டும். மந்தெனேர் பகுதியேவலாகி மந்தென் ஆகும். அழுத்தம் கடைசி அசையில் என்பதால் மேற்குறி இட வேண்டும். பெந்தெசீர் (ஆசி கூறு) 'தி'யைப் பின்பற்றாது, பொதுவிதிப்படி பெந்தீசே. 'அதை' என்னும் 'லோ' ஏவலோடு ஒட்டும்: பொன்லோ (அதை வை). எதிர்மறையில் பகுதியேவல் கிடையாது. 'நோ பொன்' பிழை, 'நோ பொங்காஸ்' (வைக்காதே) சரி.

கீழக்கரை:
பகுதியேவல் 5, தனியேவல் 3. அப்படியே போடுகிறேன். 'நீங்க' என்பதற்கான உஸ்தெத் வடிவம்?

தொண்டி:
'தென்'னோடு எதையும் ஒட்டிப் பார்க்க வேண்டாம். 'நான்' வடிவத்தில் தொடங்குங்கள்: தெங்கோ–தெங்கா, பொங்கோ–பொங்கா, திகோ–திகா. பாயா (போங்கள்), சேயா (இருங்கள்) இரண்டும் இதற்குள் வராது. பெயர் புதிதாகத் தேட வேண்டாம், வியங்கோள் என்றே எழுதலாம். 'வருக' போல ஏவலுக்கும், 'வாழ்க' போல வாழ்த்துக்கும் அங்கே ஒரே வடிவம்தான்: பெங்கா, பீபா.