ஹைலக்ஸ் நடுங்குது மாமா

*குழு: பெரிய வீட்டுச் சொந்தங்கள்*

ரவி (தன்லின், பர்மா) 7:12
மாமா வணக்கம். நம்ம 88 மாடல் டொயோட்டா ஹைலக்ஸ் வண்டி ஒரு வாரமா சரியில்ல. நின்ன இடத்துல வண்டியே நடுங்குது. ரோட்டுல ஏறி வேகம் புடிச்சா ஒண்ணும் தெரியல. பட்டறையில இன்ஜின் போயிடுச்சு, இறக்கிப் பிரிச்சு ஓவராயில் பண்ணணும்ங்கறான். அவன் சொல்ற தொகைக்கு இன்னொரு வண்டியே வாங்கலாம்.

மோல்மீன் மாப்ள 7:15
ரோட்டோரம் பாட்டில்ல விக்கிற பெட்ரோல் போட்டியா மச்சான்? மழைக்காலத்துல அதுல பாதி தண்ணி.

ரவி 7:16
இல்ல, பங்க்லதான் போட்டேன். ரெண்டு தடவ டேங்க் ஃபுல் பண்ணியாச்சு, அப்படியேதான் இருக்கு.

மோல்மீன் மாப்ள 7:16
அப்ப காத்தையும் பெட்ரோலையும் கலக்குற கார்புரேட்டர்தான். கழட்டிக் கழுவு.

தட்டோன் மாமா 7:40
ஒருத்தனும் கார்புரேட்டர்ல கை வைக்காதீங்க. கழட்டுறவன் ஒழுங்கா மாட்டுறதில்ல. ரவி, அந்தப் பட்டறைக்காரன் சிலிண்டர் அழுத்தத்த அளக்குற கம்ப்ரஷன் கேஜ் வச்சுப் பாத்தானா?

ரவி 7:42
இல்ல மாமா. சத்தத்தக் கேட்டுட்டே சொன்னான்.

தட்டோன் மாமா 7:43
🎤 குரல் பதிவு 1:10
"சத்தத்தக் கேட்டு ஓவராயில் சொல்றவன் மெக்கானிக்கா, ஜோசியக்காரனா? உன்னோடது 22ஆர் இன்ஜின். அதுக்கு நல்ல கம்ப்ரஷன் 171 பி.எஸ்.ஐ. 142க்குக் கீழ எறங்குனாத்தான் யோசிக்கணும். அளந்து பாக்காம இறக்கச் சொல்லக்கூடாது. மொதல்ல செலவில்லாத வேலையப் பாப்போம். வண்டிய ஸ்டார்ட் பண்ணி சூடாக விடு. ரப்பர் கையுறை போட்டுக்க, பிளக் வயர ஒண்ணொண்ணாக் கழட்டி மாட்டு. எதக் கழட்டுனா இன்ஜின் கொஞ்சம்கூட மாறலயோ, அந்த சிலிண்டர்தான் சோம்பேறி. ரொம்ப நேரம் கழட்டி வைக்காத. ஃபேன் பெல்ட்டு கிட்ட லுங்கி போயிடாமப் பாத்துக்க."

அத்தை 7:50
ஞாயித்துக்கெழம பீலிக்கான் போறதுக்கு அந்த வண்டிதானடா. பொங்கப் பானை, அரிசி, ஆளுங்க எல்லாம் ஏறணும். முனீஸ்வரர் கோயிலுக்கு வண்டிக்குப் பூஜை போட பர்மாக்காரங்களே வர்றாங்க. நம்ம வண்டி வழியில நின்னா நல்லாவா இருக்கும்?

ரவி 9:20
பாத்துட்டேன் மாமா. நாலுல எதக் கழட்டுனாலும் ஒரே அளவுக்குத்தான் எறங்குது.

தட்டோன் மாமா 9:26
அப்ப நாலும் வேலை பாக்குது. ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டுப்போன கதை இல்ல. நாலுக்கும் பொதுவா எங்கியோ கோளாறு. இன்ஜின் ஆறுனதும் பிளக்கக் கழட்டி மூக்கப் படம் எடுத்துப் போடு. கழட்டுன வயர அதே எடத்துல மாட்டு. பிளக்குல தீப்பொறி விழற வரிசை (ஃபயரிங் ஆர்டர்) 1-3-4-2.

ரவி 11:35
📷 படம்

மோல்மீன் மாப்ள 11:37
வெள்ளையா இருக்கே?

தட்டோன் மாமா 11:41
வெள்ளைதான். நல்லா எரியிற பிளக் மூக்கு பழுப்பா இருக்கும். பெட்ரோல் அதிகமானா கரி. இப்படி வெளுத்தா காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. ஏர் ஃபில்டர் மூடியக் கழட்டி, ஆக்ஸிலரேட்டர் மிதிக்காம ஐடிலிங்ல ஓடுறப்ப கார்புரேட்டர் வாயில ஒரு அட்டையப் பாதிக்கு மூடிப் பாரு. கைய வைக்காத, பேக்ஃபயர் அடிச்சா சுட்டுரும்.

ரவி 11:58
மாமா!! பாதி மூடுனதும் நடுக்கம் கொறஞ்சு அழகா ஓடுது!

தட்டோன் மாமா 12:03
🎤 குரல் பதிவு 0:52
"அப்ப கார்புரேட்டருக்குத் தெரியாம எங்கியோ காத்து உள்ள போவுது. ஐடிலிங்ல இன்ஜின் குடிக்கிற காத்தே கொஞ்சம். அதுல திருட்டுக் காத்து கலந்தா ஒடனே ஆடும். ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா நெறைய காத்து போவுது, அதுல இது தெரியாது. ரோட்டுல நல்லா ஓடுதுன்னியே, அதான் காரணம். இப்ப கார்ப் கிளீனர் எடுத்து கார்புரேட்டர் அடிப்பக்கம், இன்ஜினுக்குள்ள காத்து போற மேனிஃபோல்ட் குழாய் ஜாயிண்ட்டு, சின்னச் சின்ன ஹோஸ் மேல கொஞ்சம் கொஞ்சமா அடி. எங்க அடிக்கிறப்ப சத்தம் மாறுதோ அங்கதான் ஓட்டை. சைலன்ஸர் பக்கம் அடிக்காத, தீப்புடிக்கும். பீடியத் தூரப் போடு."

ரவி 12:05
நான் பீடி விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு மாமா

அத்தை 12:06
😂😂

ரவி 4:48
கரண்ட் இல்ல, போனும் செத்துப்போச்சு. இப்பத்தான் சார்ஜ் போட்டேன். எல்லா எடத்துலயும் அடிச்சுப் பாத்தாச்சு மாமா. எங்கயும் சத்தம் மாறல.

செல்வி 4:55
அண்ணே, நான் முன்னாடி சீட்டுல வரும்போதெல்லாம் ஒண்ணு கவனிச்சேன். நீ பிரேக் மிதிக்கிறப்ப உன் காலடியில பாம்பு சீறுற மாதிரி ஒரு சத்தம். டேஷ்போர்டுக்குப் பின்னாடியோ என்னவோன்னு விட்டுட்டேன்.

தட்டோன் மாமா 4:57
செல்வி, இத மொதல்லயே சொல்லியிருந்தா ரவி அட்டையத் தூக்கிட்டுத் திரிஞ்சிருக்க வேணாம்.
ரவி, பிரேக் மிதிச்சா ஐடிலிங் மாறுதா?

ரவி 5:04
மாறுது! மிதிச்சுப் புடிச்சா நடுக்கம் அதிகமாகுது. பெடலும் கொஞ்ச நாளாக் கல்லு மாதிரி இருக்கு. பேடு தேஞ்சிருக்கும்னு நெனச்சேன்.

தட்டோன் மாமா 5:06
பேடு தேஞ்சா பெடல் கல்லாகாது. இது பிரேக் பூஸ்டர். ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்குல்ல, அதுக்கு நேர் முன்னாடி ஃபயர்வால்ல சட்டி மாதிரி கறுப்பா இருக்கும். அதுலேருந்து மேனிஃபோல்டுக்கு ஒரு தடிச்ச ஹோஸ் போவும். துணி சுத்தி, குறடால அந்த ஹோஸ அழுத்திப் புடி. நின்ன எடத்துல மட்டும், ஹேண்ட் பிரேக் போட்டு.

ரவி 5:19
நின்னுடுச்சு மாமா. நடுக்கம் சுத்தமா நின்னுடுச்சு. குறட விட்டா திரும்ப ஆடுது.

மோல்மீன் மாப்ள 5:20
பிரேக்குக்கும் இன்ஜினுக்கும் என்ன மாமா சம்பந்தம்?

தட்டோன் மாமா 5:27
இன்ஜின் உறிஞ்சுற வேக்குவத்துலதான் பூஸ்டர் உன் காலுக்குத் தொணை பண்ணுது. உள்ள ரப்பர் டயாஃப்ரம் இருக்கு. அது கிழிஞ்சா கேபின் காத்து பூஸ்டர் வழியா நேரா மேனிஃபோல்டுக்குப் போவும். வெளிய எங்க ஸ்ப்ரே அடிச்சாலும் தெரியாது, ஓட்டை உள்ளல்ல இருக்கு. இன்னும் ஒண்ணு பாரு. இன்ஜின அணைச்சுட்டு நாலஞ்சு தடவ பெடல மிதிச்சு விடு. அப்பறம் மிதிச்சுப் புடிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணு. பெடல் லேசா உள்ள எறங்கணும்.

ரவி 5:33
எறங்கல.

தட்டோன் மாமா 5:34
முடிஞ்சது. பூஸ்டர் மாத்துற வரைக்கும் வண்டி வாசலத் தாண்டக்கூடாது. பிரேக் புடிக்கும், ஆனா உன் கால் பலத்துலதான் புடிக்கும். ஆள் ஏத்திக்கிட்டு, மழையில, எதிர்ல லாரி வந்தா அது போதாது.

அத்தை 5:36
ஞாயித்துக்கெழமைக்கு வேற வண்டி பேசுறேன்.

ரவி 5:41
ஜப்பான்ல கழட்டி வந்த பூஸ்டர் கெடைக்கும் மாமா, வாங்கலாமா?

தட்டோன் மாமா 5:46
கெடச்சா புதுசு வாங்கு, பழசுல ரப்பர் எத்தன வயசுன்னு யாருக்குத் தெரியும்? பழசுதான்னா கடையிலயே ஹோஸ் மாட்டுற எடத்துல வாய வச்சு உறிஞ்சிப் பாரு, காத்து நிக்கணும். ஹோஸ்ல இருக்க செக் வால்வையும் ஊதிப் பாரு, ஒரு பக்கம்தான் காத்து போவணும். கழட்டுறப்ப, பூஸ்டருக்கு முன்னாடி பிரேக் ஆயில் நிக்கிற மாஸ்டர் சிலிண்டர் பின்னாடி விரல விட்டுத் தடவு, ஈரம் இருக்கான்னு சொல்லு.

ரவி 6:20
மாஸ்டர் சிலிண்டர் நட்டுகள லூஸ் பண்ணி லேசா இழுத்துப் பாத்தேன் மாமா. ஈரம் இருக்கு. பிரேக் ஆயில் வாசனை.

தட்டோன் மாமா 6:23
அதான் டயாஃப்ரத்தத் தின்னுருக்கு. மாஸ்டர் சிலிண்டர் சீல் கிட்டும் சேத்து வாங்கிடு. இல்லன்னா புது பூஸ்டரும் அதே கதிதான். மாட்டுனப்பறம் நாலு சக்கரத்துலயும் பிரேக் லைன்ல இருக்க காத்த எடுக்கணும். அதுக்கு ரெண்டு ஆள் வேணும், செல்விய பெடல் மிதிக்கச் சொல்லு.

செல்வி 6:24
எனக்குக் கூலி?