சம்பளக்காரரும் இல்லை, காண்ட்ராக்டரும் இல்லை: இவருக்குத் தமிழில் என்ன பெயர்?

அஸ்தம்பட்டியிலிருந்து, திங்கள் இரவு

குழுமத்தாருக்கு வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை காலை 10 மணிக்குள் ஒரு கையேட்டை அச்சகத்தில் ஒப்படைக்க வேண்டும். சேலத்தில் வீட்டிலிருந்தபடியே பக்க வடிவமைப்பு, தட்டச்சு, கணக்கெழுதுதல் என்று பிழைப்பவர்களுக்காக வருமான வரியையும் தொழிலாளர் உரிமையையும் விளக்கும் 24 பக்கக் கையேடு அது. உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது, தலைப்புதான் நிற்கிறது. 'இன்டிபென்டன்ட் காண்ட்ராக்டர்' என்பதற்கு ஒரு சொல் வேண்டும்.

'ஒப்பந்தத் தொழிலாளர்' என்று போட முடியாது. 1970ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பெயரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது: இடையாள் ஒருவர் மூலம் ஆலைக்குள் வந்து வேலை செய்பவருக்கு. அவருக்கு வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் கேட்க வழி உண்டு. 'ஒப்பந்ததாரர்' என்றால் அவரை அழைத்து வந்த அந்த இடையாள். அல்லது சாலை போடும் வெள்ளைச் சட்டைக்காரர். என் கையேட்டின் ஆள் இருவரும் அல்லர். தன் கணினியில், தனக்கு வசதியான நேரத்தில், நான்கு பேருக்கு வேலை செய்து கொடுத்து நான்கு பேரிடமும் பணம் வாங்குகிறவர். 'சுதந்திர ஒப்பந்ததாரர்' என்று ஒரு வரைவில் எழுதிப் பார்த்தேன். படித்துப் பார்த்த என் தங்கை, கொடி எப்போது ஏற்றுவார்கள் என்று கேட்டாள்.

ஏற்காட்டிலிருந்து, செவ்வாய் காலை

தம்பிக்கு, உங்கள் இடர்ப்பாடு சொல்லில் இல்லை, ஒட்டில் இருக்கிறது. ஒப்பந்ததாரர் என்பதன் 'தார்' பாரசீகம். தாசில்தார், ஜமீன்தார், மிராசுதார் ஆகியோரோடு உள்ளே வந்தது. 'பந்தம்' வடசொல் என்பது என் துணிபு, ஒப்பந்தம் முழுவதும் தமிழே என்று வாதிடுவோரும் உண்டு. ஆக, இரவல் சட்டையை மாட்டிக்கொண்டு நிற்கும் ஒரு சொல்லுக்கு முன்னால் அடைமொழி ஒன்றையும் ஏற்றப் பார்க்கிறீர்கள்.

இலக்கணத்திற்குள்ளேயே விடை இருக்கிறது. மூன்றாம் வேற்றுமை நடத்தும்போது 'அரசனால் கோயில் கட்டப்பட்டது' என்பதை ஏவுதற்கருத்தாவுக்கும், 'தச்சனால் கோயில் கட்டப்பட்டது' என்பதை இயற்றுதற்கருத்தாவுக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லிக் கொடுத்தோம். முதலாளி ஏவுகிறார், தொழிலாளி இயற்றுகிறார். உங்கள் ஆளோ தன்னைத் தானே ஏவிக்கொண்டு தானே இயற்றுகிறார். இரு கருத்தாவும் ஒருவரே. பிறரை ஏவிச் செய்விப்பது பிறவினை என்றால் இது தன்வினை. கலைஞர், அறிஞர் போல வினைஞர் என்பது பழந்தமிழ் வழக்கு. எனவே 'தன்வினைஞர்' என்று வைத்துக்கொள்ளுங்கள். அடைமொழியும் வேண்டாம், தாரரும் வேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து, செவ்வாய் மாலை

ஐயா மன்னிக்க வேண்டும். தன்வினை என்று கண்டவுடன் சேலத்தில் பத்தில் ஒன்பது பேர் 'தன்னைச் சுடும்' என்று முடித்துவிடுவார்கள். வரிக் கையேட்டின் அட்டையில் அது வேண்டுமா? ஓட்டப்பத்தை வேறு தேடுவார்கள்.

தணிக்கையாளர் அலுவலகத்தில் பதினைந்து ஆண்டுகளாகக் கணக்கெழுதும் நான் சொல்ல வருவது வேறு. சென்ற ஆண்டு ஓர் இளைஞர் படிவம் 16ஏ ஒன்றைக் கொண்டுவந்து, 'சார், என் சம்பளத்தில் பிடித்த பி.எஃப். எப்போது வரும்?' என்று கேட்டார். இரண்டு ஆண்டுகளாக ஒரே நிறுவனத்துக்கு வடிவமைப்பு வேலை செய்கிறவர். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி படிவம் 16 சம்பளக்காரருக்கு. 16ஏ சம்பளம் அல்லாத வருமானத்துக்கு. அந்த 'ஏ' என்ற ஓர் எழுத்தில்தான் அவருடைய நிலை முழுவதும் அடங்கியிருந்தது, அவர் அதைப் படிக்கவே இல்லை. அவரிடம் பிடித்தது வைப்பு நிதி அன்று. தொழில்முறைக் கட்டணத்தில் மூலத்திலேயே கழிக்கும் 10 விழுக்காடு வரி. வேலை ஒப்பந்தம் என்று கணக்கில் வைத்திருந்தால் தனி மனிதருக்கு 1 விழுக்காடுதான் கழிந்திருக்கும். சம்பளக்காரருக்குப் புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலைக்கழிவு உண்டு. இவருக்கு அது இல்லை, மாறாக மின் கட்டணத்தையும் கணினித் தேய்மானத்தையும் செலவாகக் காட்டலாம். இந்த வேறுபாட்டை அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் அவருக்கு உணர்த்தும் சொல்தான் தேவை. மூன்றாம் வேற்றுமை அன்று.

இன்னொன்று. சிவதாபுரத்தில் என் சித்தப்பா கொலுசு பற்றவைக்கிறார். வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், சித்தப்பா கொலுசாக எடை போட்டுத் திருப்புவார். ஒரு நாற்பது பக்க நோட்டில் கொடுத்த எடை, வந்த எடை, சேதாரம், கூலி என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் முன்பணப் பாக்கி. ஆறு ஆண்டுகளாக அது பூஜ்யத்தைத் தொட்டதில்லை. பட்டறை அவருடையது, கருவிகள் அவருடையவை, நேரமும் அவருடையது; ஆனால் பாக்கி தீராமல் வேறு வியாபாரியின் வெள்ளியைத் தொட முடியாது. ஐயா சொல்லும் தன்வினைஞர் இவரா? அவரைக் கேட்டால் 'கூலிக்குச் செய்யறேன்' என்பார். அந்த இளைஞரைக் கேட்டால் 'காண்ட்ராக்ட்ல இருக்கேன்' என்பார். செயலி வழியாக வேலை எடுத்துச் செய்பவர்களுக்கான வாரியத்துக்கு அரசே இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்கள் நல வாரியம் என்று 'கிக்' என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டபோது, நாம் ஏன் 'தனிக் காண்ட்ராக்டர்' என்று எழுதக் கூடாது?

ஓமலூரிலிருந்து, புதன் காலை

'தனி' வேண்டாம். அது ஒரே ஆள் என்ற பொருளைத் தந்துவிடும். இருவர் கூட்டாகத் தொடங்கிய நிறுவனமும் இந்த வகையில் வரலாம். அப்போது வேலை ஒப்பந்தத்துக்குக் கழிப்பது 1 அன்று, 2 விழுக்காடு. சொல்லில் செய்யும் சிக்கனம் பிடித்தத்தில் குழப்பமாக முடியும்.

வழக்கறிஞன் என்ற முறையில் சித்தப்பாவின் நோட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீதிமன்றம் ஒப்பந்தத் தாளில் உள்ள பெயரைப் பார்த்து அடங்கிவிடுவதில்லை. சௌராஷ்டிரத்துத் திராங்கத்ராவில் உப்பளத் தொழிலாளர்கள் ஆளுக்கொரு பாத்தி எடுத்துக்கொண்டு, விளைந்த உப்பின் எடைக்குக் காசு வாங்கினார்கள். உதவிக்குத் தாங்களே ஆள் வைத்துக்கொள்ளவும் செய்தார்கள். அப்படியிருந்தும், ஒவ்வொரு கட்டத்திலும் நிறுவனத்தார் மேற்பார்வை இருந்தது என்பதால் அவர்கள் தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1957ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் அது கிடைக்கும். பின்னர் செகந்திராபாத்தில் துண்டுக் கணக்கில் கூலி வாங்கிய தையற்காரர்கள் வழக்கிலும் அப்படியே: வந்துபோகும் நேரம் அவர்கள் விருப்பம்தான், ஆனால் பொறிகள் கடைக்காரருடையவை, தையல் சரியில்லை என்றால் பிரித்துத் தைக்கச் சொல்லும் உரிமையும் அவருடையது.

'இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்' என்ற 517ஆம் குறளில் கடைசிச் சீர்தான் இந்த வழக்குகளின் உயிர்நாடி. விட்டுவிட்டாரா, விடவில்லையா? விட்டிருந்தால் உங்கள் ஆள். விடாமல் கூடவே நின்றால் தொழிலாளி. முன்பணத்தால் கட்டி வைத்திருப்பதை விட்டதாகக் கொள்ளலாமா என்பதை நான் நீதிமன்றத்தில் வாதிடத் தயார். ஆனால் அட்டையில் 'தன்' என்றோ 'சுதந்திரம்' என்றோ அச்சிட்டு, அவருக்கு எதிராக நாமே முன்கூட்டித் தீர்ப்பெழுத வேண்டாம்.

ஏற்காட்டிலிருந்து, புதன் மதியம்

உப்பளம் என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. சம்பளம் என்ற சொல்லையே சம்பு என்ற நெல்லும் அளம் என்ற உப்பும் சேர்ந்தது என்று பிரிப்பார்கள். எடைக்கு உப்பு விளைத்தவர்கள் சம்பளக்காரர்கள்தாமா என்று நீதிமன்றம் வரை போனது மொழிக்குத் தெரிந்தே நடந்ததுபோல் இருக்கிறது. ஊதியம் என்ற சொல்லையும் பாருங்கள். 'அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும் ஊதியமும்' என்று 461ஆம் குறளில் வருவது கூலி அன்று. முதலும் செலவும் போக மிஞ்சும் இலாபம். வள்ளுவர் காலத்து ஊதியம் வணிக வருமானத் தலைப்பில் வரும், நம் காலத்து ஊதியம் சம்பளத் தலைப்பில் வரும். எனவே கையேட்டின் உள்ளே 'ஊதியம்' என்று எங்கே எழுதியிருந்தாலும் நீக்கிவிடுங்கள். 'வரவு' என்று போடுங்கள். தன்வினைஞரை நான் விடவில்லை.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து, புதன் இரவு

'வரவு' நல்ல திருத்தம், ஐயா. இதற்காகவாவது மூன்றாம் வேற்றுமையைப் பொறுத்துக்கொள்ளலாம். காண்ட்ராக்டரை ஒருவரும் ஏற்க மாட்டார்கள் போலிருக்கிறது. குறைந்தபட்சம் தாரரை எடுத்துவிட்டு 'ஒப்பந்தக்காரர்' என்று வையுங்கள். காரரும் வடமொழிதானே என்று ஐயா கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன்: சிலப்பதிகாரத்திலேயே மரங்கொல் தச்சருக்கும் கருங்கைக் கொல்லருக்கும் பக்கத்தில் 'கஞ்சகாரரும்' நிற்கிறார்கள். அவ்வளவு காலம் குடியிருந்தவரைக் காலி செய்யச் சொல்ல முடியாது.

மொழிபெயர்ப்பாளர் தம்பிக்கு ஒரு வேண்டுகோள்: வேலை ஒப்பந்தத்துக்கும் தொழில்முறைக் கட்டணத்துக்கும் வரி கழிக்கச் சொல்லும் 194சி, 194ஜே என்ற எண்களைத் தலைப்புகளில் போட்டுவிடாதீர்கள். அவை 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்கள்; 2025ஆம் ஆண்டுப் புதுச் சட்டத்தில் எண்கள் மாறிவிட்டன.

அஸ்தம்பட்டியிலிருந்து, வியாழன் இரவு

அனைவருக்கும் நன்றி. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்து ஏழு பேரில் ஐவர் 'தற்சார்பு ஒப்பந்தக்காரர்' போதும் என்கிறார்கள். அவர்களுள் மூவர், இனி இதைப் பற்றி மடல் வராது என்றால் மட்டுமே சம்மதம் என்றும் எழுதியிருக்கிறார்கள். ஓமலூராரின் மறுப்பு நியாயமானது என்பதால், முதல் பக்கத்திலேயே 'இந்தப் பெயரில் கையெழுத்திட்டிருந்தாலும், வேலை வாங்குபவர் எப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் தாமே முடிவு செய்கிறார் என்றால் நீங்கள் தொழிலாளியாக இருக்கக்கூடும்' என்று கட்டம் கட்டி ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். அந்தப் பத்தியில் கொலுசுப் பட்டறை நோட்டும் பெயரில்லாமல் வருகிறது. கிக் தொழிலாளருக்குத் தனிப் பக்கம்; 2020ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் அவர்களை மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே வைத்து, செயலி நடத்தி அவர்களுக்கு வேலை தரும் ஒருங்கிணைப்பு நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு நலநிதிக்குத் தர வேண்டும் என்கிறது. அதை இந்தச் சொல்லுக்குள் திணிக்கவில்லை.

அஸ்தம்பட்டியிலிருந்து, வெள்ளி காலை 9.20

அச்சகத்திலிருந்து எழுதுகிறேன். 'தற்சார்பு ஒப்பந்தக்காரர்' அட்டையின் அகலத்தில் ஒரே வரியில் அடங்கவில்லை. 'தற்சார்பு ஒப்பந்தக்' என்று மடிந்து, 'காரர்' மட்டும் கீழே தனியாக நிற்கிறது. எழுத்தைச் சிறிதாக்கட்டுமா என்று கேட்கிறார்கள்.

ஏற்காட்டிலிருந்து, வெள்ளி காலை 9.26

உங்களுடையது 14 எழுத்து. தன்வினைஞர் 6.