மண்வெட்டி பட்ட மிமோசா: வளர்த்தவர்களின் அனுபவங்கள்

பூக்கடைகளில் மிமோசா என்று விற்கிறார்களே, அந்த அக்கேசியா டீல்பாட்டாவை நட்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன. உண்மையில் மிமோசா என்பது தொட்டாற்சிணுங்கியின் பேரினம். நான் நட்டதோ ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வேல மரம். குளிர் விலகுவதற்குள் மரமே மஞ்சளாகிவிடும். பட்டாணியைவிடச் சிறிய ஓர் உருண்டையைக் கையில் வைத்துப் பாருங்கள்: அது ஒரு பூ அல்ல, பல பூக்களின் திரள். வெளியே சிலிர்த்து நிற்பவை கேசரங்கள், அதாவது மகரந்தத் தாள்கள்.

மூன்றாம் ஆண்டில் மரத்தடியில் பூச்செடி வைக்க ஆழமாகக் கொத்திவிட்டேன். அடுத்த பருவத்தில் வேர் அறுபட்ட இடமெல்லாம் கன்றுகள். நடைபாதைக் கற்களின் இடுக்கில்கூட. ஒன்றைப் பிடுங்கினால் விரல் பருமனுள்ள வேரும் அதில் ஐந்தாறு முளைகளும் வந்தன. போர்ச்சுகலிலும் தென்னாப்பிரிக்காவிலும் இதை ஆக்கிரமிப்புத் தாவரமாகக் கருதுவதன் காரணம் அன்றுதான் புரிந்தது. நடும் முன் உங்கள் பகுதியில் தடை உண்டா என்று அவசியம் விசாரியுங்கள். நட்ட பிறகு மரத்தடியில் மண்வெட்டி படவே கூடாது.

* * *

எனக்கு வந்த சிக்கல் வேறு. என் தோட்டம் சுண்ணாம்பு மண். இதே மரம் இரண்டே ஆண்டுகளில் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்று, பட்டுப்போனது. பிறகு அக்கேசியா ரெட்டினோட்ஸ் வேரில் ஒட்டுக்கட்டிய கன்றை வாங்கினேன். அந்த வேர் சுண்ணாம்பைத் தாங்கும், வேர்க்கன்றும் அவ்வளவாக விடாது. ஒட்டு மண்ணுக்கு மேலே இருக்கும்படி நடுங்கள். ஒரு நாள் ஒட்டுக்குக் கீழே ஒரு தளிர் கிளம்பியிருந்தது. மேலே இறகு போன்ற இலை. இதிலோ நீண்ட, ஒற்றை இலை. இலை என்றுகூடச் சொல்லக் கூடாது, அகன்று தட்டையான காம்பு அது. அப்படி எது வந்தாலும் உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் மேல்மரத்தை அமுக்கிவிடும்.

* * *

சிறிய இடம் உள்ளவர்களுக்கு நான் சொல்வது இன்னொரு அக்கேசியா வகையான பெய்லியானா பர்ப்யூரியா. பழைய இலை நீலம் கலந்த சாம்பல் நிறம், தளிர் ஊதா. பூ இல்லாத மாதங்களிலும் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஒரு முறை இலையுதிர் காலத்தில் கவாத்து செய்துவிட்டு, அடுத்த பருவம் முழுதும் ஒரு பூக்கூட இல்லாமல் தவித்தேன். வெட்டிப் போட்ட கிளை நுனிகளில் கடுகளவு மொட்டுகள் இருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். இப்போது பூ உதிர்ந்த கையோடு வெட்டுகிறேன். இன்று காலை பார்த்தேன், எல்லா நுனியிலும் மொட்டு கட்டியிருக்கிறது.