பாபிங்கோவுக்கு இன்னும் ஊர்த்தலைவர் உண்டா?

வரைபடப்பித்தன்:
கிரீஸின் வடமேற்கே எபிரஸ் மலையில் பாபிங்கோ என்று ஒரு சின்ன ஊர். என்னிடம் இருக்கும் 2005ஆம் வருட வரைபடத்தில் அதற்குத் தனி எல்லைக்கோடு உண்டு. புதுசில் அந்த எல்லைக்கோட்டையே காணோம், மொத்தமாக 'சகோரி நகராட்சி' என்று போட்டிருக்கிறார்கள். அந்த மலையில் நகரம் எங்கே இருக்கிறது?

பழைய மாணவன்:
எபிரஸின் பெரிய ஊரான யோவானினாவில் நாலு வருஷம் படித்தவன் சொல்கிறேன். இரண்டு வரைபடமும் சரிதான். 'தீமோஸ்' என்பதை நகராட்சி என்று சொல்வதால்தான் குழப்பம். நம் ஊராட்சி ஒன்றியம் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். சகோரிக்குத் தலைமையிடமே அஸ்ப்ராங்கெலி என்கிற கிராமம்தான்.

1912 சட்டப்படி முந்நூறு பேரும் ஒரு பள்ளிக்கூடமும் இருந்தால் ஊர் தனிப் பஞ்சாயத்து ஆகலாம். பள்ளிக்கூடத்தை நிபந்தனையாக வைத்தவன் வாழ்க! அப்படிப் பெருகியவற்றை 1997இல் கபோதிஸ்திரியாஸ் திட்டம் ஆயிரத்துச் சொச்சமாகச் சுருக்கியது. அதில் பாபிங்கோ தப்பித்தது. 2011 ஜனவரியில் வந்த கல்லிக்ராட்டிஸ் திட்டத்தில் தப்பவில்லை. நாடு முழுக்க 325 தீமோஸ், அவ்வளவுதான்.

தலைவர் இன்னும் இருக்கிறார், ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 'ப்ரோஎத்ரோஸ்' என்பார்கள். சில்லறைச் செலவுக்குக் கொஞ்சம் முன்பணம், மற்றபடி மேலே எழுதிப் போடலாம். தெற்கே பெலோபொனீஸ் பகுதியில் நண்பனின் பாட்டி ஊருக்குப் போயிருந்தேன் (ஊர்ப்பேர் வேண்டாம்). கல் பாவிய பாதையில் நாலு கல் பெயர்ந்து கிடந்தது. காபிக்கடையில் இருந்த தலைவர் எழுந்து வந்து போனில் படம் எடுத்து அனுப்பினார். "பழைய ஆளா இருந்தா சாயங்காலமே கொத்தனாரோட வந்திருப்பான்" என்றாள் பாட்டி. நாங்கள் கிளம்பும்வரை அந்தக் கல் அப்படியேதான் கிடந்தது.

கணக்குப்பிள்ளை:
நாற்பது பேர் ஊருக்குத் தனி ஆபீசா? கட்டுப்படியாகுமா?

பழைய மாணவன்:
ஆகாதுதான். எழுத்தர் சம்பளத்துக்கே காணாது. ஆனால் நாற்பது என்பது குளிர்காலக் கணக்கு, அண்ணே. ஏதென்ஸில் குடியிருப்பவர்கள் பலருக்குப் பதிவேட்டில் பேர் சொந்த ஊரில்தான், ஓட்டும் அங்கேதான். உள்ளாட்சித் தேர்தல் என்றால் ஊர் திருவிழா மாதிரி நிரம்பும்.

சேர்த்ததைப் பிரித்தும் இருக்கிறார்கள். பீச் பழத்துக்குப் பேர்போன வெல்வெந்தோவை 2011இல் பக்கத்து ஊரான செர்வியாவோடு ஒட்டினார்கள், 2019இல் அது தனியே போய்விட்டது. ஒரே தீமோஸாக இருந்த கோர்ஃபு தீவு மூன்றானது. இப்போது மொத்தம் 332. உங்கள் புது வரைபடம் எந்த வருஷத்தது? அதையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.